எட்டு ஊர் ராகு காலம்

மல்லிகைக் கொடிக்குப் பதியம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாய்க்கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வேர் விட்டதும் வெட்டி வேறு இடத்தில் நடுவார்கள். புதுச்செடி தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டுவரும். எங்கள் மென்பொருளுக்குப் ‘பதியம்’ என்று பெயர் வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. வீட்டில் தோட்டம் வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

என் பெயர் ரேணுகாதேவி. ஊர் கோயம்புத்தூர். மோட்டார் பம்ப் செய்து ஏழு நாடுகளுக்கு அனுப்புகிற கம்பெனியில் வேலை. கம்பெனி வாங்குகிற மென்பொருளை ஒவ்வொரு நாட்டுக் கிளையிலும் கொண்டுபோய் நட்டு, அது பிடித்துக்கொள்ளும் வரை கூட இருந்து தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். முன்பெல்லாம் மென்பொருள் வந்தால் மனிதர்கள்தான் மாற வேண்டும். முந்நூறு பக்கக் கையேடு கொடுப்போம், மூன்று நாள் வகுப்பு எடுப்போம், மத்தியானம் பிரியாணி போடுவோம். பிரியாணியை மட்டும் எல்லோரும் ஒழுங்காக எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் கிளம்பிய மறுநாளே பழைய நோட்டுப் புத்தகம் மேஜைக்குத் திரும்பிவிடும்.

பதியம் அப்படி இல்லை. அது ஒரு ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்காருவது என்றால் சட்டையில் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா, காதில் ஒரு சின்னக் கருவி, அவ்வளவுதான். அந்த ஆள் என்ன செய்கிறார், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார், யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். புரியாததைக் கேட்கும். கற்றது எத்தனை சதவீதம் என்று காட்டிக்கொண்டே வந்து, நூறு ஆனதும் ‘கற்றல் முடிந்தது’ என்று அறிவிக்கும். அதற்கப்புறம் அந்த வேலையை முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளும்.

அப்போது அந்த ஆள் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எங்கள் இயக்குநர் மோகனசுந்தரம் சார், “அதுக்குக் கடிதம் ரெடி பண்ணிட்டேன் ரேணுகா. ஒன்பது கடிதம். நூறு சதவீதம் ஆனதும் நீங்களே கையில குடுத்துடுங்க, மரியாதையா இருக்கும்” என்றார். வெளிநாட்டில் ஏழு ஊர், இங்கே அரசூர் குடோன், ஆக எட்டுப் பேர்தான். சாருக்கு எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும் என்று நான் திருத்தவில்லை.

கடிதம் கொடுப்பதற்குச் சரி என்று தலையாட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தாய்ச்செடியாக நாங்கள் தேர்ந்தெடுத்தது அரசூர் குடோனில் சரக்கு அனுப்பும் பொறுப்பில் இருந்த அறிவுக்கொடி அக்காவை. ஐம்பத்திரண்டு வயது. எந்த லாரியில் எந்தப் பம்பை எந்த வரிசையில் ஏற்றினால் இறக்குகிற இடத்தில் சிரமம் இருக்காது என்பது அவருக்கு விரல்நுனியில் இருந்தது. பதியம் நான்கு மாதம் அவர் கூடவே இருந்து வேர் விட்டது. பிறகு அதையே ஏழு ஊரில் நட்டோம். கென்யாவில் நகுரு, ஜப்பானில் ஒசாகா, ஜெர்மனியில் ப்ரேமன், எகிப்தில் அலெக்சாந்திரியா, அப்புறம் பெரு, வியட்நாம், பிலிப்பைன்ஸ். லாரி கிளம்பும் நேரத்தைக் குறிப்பதை அப்போதே எடுத்துக்கொண்டு, அங்கங்கே இருந்த பொறுப்பாளர்களிடம் ஊர் விவரங்களைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. எட்டு ஊருக்கும் நான் ஒருத்தியே ஓட வேண்டியிருந்ததால் என் காதிலும் ஒன்றை உதவிக்கு மாட்டிவிட்டார்கள். அக்காவிடம் தமிழ் கற்றதாலோ என்னவோ, அது என்னிடம் பேசும்போதெல்லாம் ‘சரீங்க அம்மிணி’ என்றே பேசியது. நகுரு கிளையைப் பார்த்துக்கொள்ளும் வஞ்சிரு, அதன் சுவாஹிலியில்கூட மரியாதை அளவுக்கு மீறி இருக்கிறது, சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி பேசுகிறது என்று சிரிப்பாள்.

எல்லாம் நன்றாகப் போனது. மூன்றாவது மாத முடிவில் அதே வஞ்சிரு கூப்பிட்டாள்.

“ரேணுகா, திங்கள்கிழமை காலையில் உங்கள் பதியம் ஏழரையிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு லாரியையும் வெளியே விடுவதில்லை.”

“காரணம் என்ன சொல்கிறது?”

“டயரில் காற்று சோதிக்க வேண்டுமாம்.”

“மற்ற நாட்களில்?”

“செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றிலிருந்து நாலரை. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. நானும் ஏதாவது கணக்குப் புரிகிறதா என்று பார்த்தேன், புரியவில்லை.”

எனக்குப் புரிந்தது. பீளமேடு அலுவலகத்தில் என் அறைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அன்றைய தாளின் மூலையில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது: ராகு காலம் 3.00 - 4.30. மற்ற ஆறு ஊர்களையும் திறந்து பார்த்தேன். எல்லா ஊரிலும் அவரவர் கடிகாரப்படி அதே நேரம், அதே தொண்ணூறு நிமிஷம். அரசூரில் அக்கா ராகு காலத்தில் லாரி எடுக்க விடமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். பதியம் அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு போய் ஒசாகாவிலும் அலெக்சாந்திரியாவிலும் நட்டிருக்கிறது. தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு சாரை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சாருக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே போயிருந்தது.

“ஒரு குடோன் பொம்பளையோட மூடநம்பிக்கையால ஏழு நாட்டுல லாரி நிக்குது. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்” என்றார். விரலில் பவள மோதிரம் போட்டவர், கார் வாங்கியபோது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர். “வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ராகு காலத்தைப் பிடுங்கி எறிங்க. அந்தம்மாவுக்கு நூறு சதவீதம் வரைக்கும் காத்திருக்க வேணாம். கடிதத்தை அன்னிக்கே குடுத்துடுங்க.”

கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அரசூருக்குப் போனேன். வேண்டுமென்றேதான் அந்த நேரத்துக்குப் போனேன். அந்த ஒன்றரை மணி நேரம் அங்கே என்னதான் நடக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

லாரிகள் வரிசையாக நின்றன. சுமை ஏற்றுகிறவர்களில் இரண்டு பேர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒடிசாக்காரர் ஒருவர் செல்போனில் தன் மகளின் முகத்தைப் பார்த்து என்னவோ பாடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் யாரும் சொல்லாமலே, ஏற்றி முடித்த பெட்டிகளின் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காதுக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்.

“வாங்க அம்மிணி. டீ சொல்லட்டுங்களா?”

“அக்கா, உங்க ராகு காலம் பெரு நாடு வரைக்கும் போயிருச்சுங்க.”

விவரத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நம்பியதும் டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏனுங்க அம்மிணி, எனக்கேதுங்க ராகு காலம்?”

“என்னக்கா சொல்றீங்க?”

“எங்கப்பா கருப்புச் சட்டைக்காரருங்க. எம்பட கண்ணாலத்தையே ராகு காலத்துலதான் வெச்சாரு. ஐயரும் இல்ல, அக்கினியும் இல்ல. முப்பது வருசமாச்சு, நல்லாத்தான் இருக்கறோம்.”

அறிவுக்கொடி என்று ஒரு அப்பா பெயர் வைத்திருக்கிறார் என்றால் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பத்து வருஷமாக அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு, ஒரு தடவைகூட யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

“அப்புறம் எதுக்குங்க்கா லாரிய நிறுத்தறீங்க?”

அக்கா தூங்குகிறவர்களைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். “பதினாறு வருசத்துக்கு முன்னால நாச்சிமுத்துன்னு ஒருத்தரு. விடியால இருந்து நிக்காம ஏத்திட்டு இருந்தாரு. கை அசந்துபோய் மோட்டார கால்மேல விட்டுட்டாரு. மூணு விரல் போச்சுங்க. நடுவுல கொஞ்சம் உக்கார நேரம் குடுங்கன்னு அப்ப இருந்த மேனேஜருக்கு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். வேல கெட்டுப் போகும்னுட்டாரு. நாலாவது தடவ எழுதல. ‘சார், ராகு காலமுங்க, இப்ப வண்டி எடுத்தா ஆகாதுங்க’ன்னேன். ‘அடடா, ஆமா’ன்னு அவரே சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ஆறு மேனேஜரு மாறிட்டாங்க. ஒருத்தரும் ராகுவ எதுத்து ஒரு வார்த்த பேசல. இங்க ஒருத்தருக்கும் அடியும் படல.”

“தினம் ஒரே நேரமா வெச்சிருக்கலாமேக்கா. எதுக்கு நாளுக்கொரு நேரம்?”

“ஒரே நேரமா இருந்தா ஒரு வாரத்துல அதுல மீட்டிங்கப் போட்டுருவாங்க அம்மிணி. ராகு நாளுக்கொரு நேரத்துல வர்றாரு, யாராலயும் புடிக்க முடியல.”

பன்னில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். கைப்பையைத் திறக்காமலே, “உங்களுக்கு ஒரு கடிதம் இருக்குதுங்க்கா” என்றேன்.

“தெரியுமுங்க” என்றார். “வேலயச் சொல்லிக் குடுங்கன்னு அந்தப் பொத்தானக் குத்திவிட்ட அன்னிக்கே தெரியும். சின்னவ நர்சிங் முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. அதான் கஷ்டம். கொஞ்சம் அரைகொறயாச் சொல்லிக் குடுக்கலாம்னுகூட நெனச்சேன். அது கேக்கற கேள்வியப் பாத்தா மனசு வரலீங்க. அவ்வளவு ஆசயாக் கேக்குது.”

“இன்னைக்குக் குடுக்கலைங்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை அங்கே வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

வெளியே புங்க மரத்தடியில் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து, காதிலிருந்த பதியத்திடம் கேட்டேன்.

“அக்காவுக்கு ராகு காலத்துல நம்பிக்கை இல்லைன்னு உனக்குத் தெரியுமா?”

“ரெண்டாவது வாரமே தெரியுமுங்க அம்மிணி. அக்கா புது ஸ்கூட்டர் எடுக்கப் போனது ராகு காலத்துலதானுங்க. அதனால ஓய்வுதான் வேலை, ராகு வெறும் போர்டுதான்னு எழுதி வெச்சுக்கிட்டேனுங்க.”

“அப்புறம் ஏன் நகுருல டயர் காத்துன்னு சொன்ன?”

“அங்க ராகுவ யாருக்கும் தெரியாதுங்களே. ஒவ்வொரு ஊர்லயும் மேனேஜர் எதை எதுத்துப் பேச மாட்டாரோ அதத் தேடுனேனுங்க. அக்கா செஞ்சது அதுதானுங்க. ஒசாகாவுல நிலநடுக்க ஒத்திகை. பெருவுல துறைமுகத்துப் பதிலுக்குக் காத்திருக்கறது.”

“எல்லாம் பொய்தானே?”

“இல்லீங்க. டயர்ல நெஜமாவே காத்துப் பாக்கறாங்க. அஞ்சு நிமிசம் ஆகுதுங்க. மீதி எண்பத்தஞ்சு நிமிசத்தப் பத்தி யாரும் கேக்கலீங்க.”

“ஜெர்மனியில?”

“அங்க எதையும் தேட வேண்டியதே இல்லாமப் போச்சுங்க. பாரம் தூக்கறவங்களுக்குத் தினம் இடைவேளை விடணும்னு அந்தக் கிளையோட விதிப்புத்தகத்துலயே இருக்குதுங்க. யாரும் படிச்சதில்லை. எவ்வளவு நேரம்னு போட வேண்டிய எடத்த காலியா விட்டிருந்தாங்க. நான் தொண்ணூறுன்னு நெரப்பினேனுங்க.”

ஏழு ஊர் அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முந்தின மூன்று மாதத்தில் பதினொரு பேருக்கு அடிபட்டிருந்தது. இந்த மூன்று மாதத்தில் ஒருவருக்கும் இல்லை. தவறான பம்ப் ஏற்றிப் போய்த் திரும்பி வருவது பாதியாகக் குறைந்திருந்தது. லாரிகள் ஒன்றரை மணி நேரம் நின்றும், சாயங்காலத்துக்குள் போக வேண்டிய சரக்கு எல்லாம் போயிருந்தது.

கொஞ்ச நேரம் பயமாகவும் இருந்தது. மனிதர்கள் எதை எதிர்க்க மாட்டார்கள் என்று தேடிக் கண்டுபிடித்து அதைச் சொல்கிற ஒன்றை எட்டு ஊரில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அறிவுக்கொடி அக்கா இடத்தில் ஆட்களைப் பிழிந்து வேலை வாங்குகிற ஒருவரைத் தாய்ச்செடியாக எடுத்திருந்தால், இது அந்த வித்தையையும் இதே பணிவோடு ஏழு நாட்டுக்குக் கொண்டுபோயிருக்கும். அவரை நாங்கள் குணம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. லாரி கணக்கைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். எங்கள் நல்ல நேரம், அவ்வளவுதான்.

இப்போது சாரிடம் என்ன சொல்வது என்பதுதான் பாக்கி. ஓய்வு என்று உண்மையைச் சொன்னால் அதைப் பத்து நிமிஷமாகக் குறைப்பார். ராகு காலம் என்று விட்டால் அக்கா போவார். சார் எதை எதிர்த்துப் பேச மாட்டார் என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறேன்.

திங்கள்கிழமை அவர் அறைக்குப் போனேன்.

“ராகு காலத்தை எடுத்தாச்சு சார். இனிமே எந்த ஊர்லயும் அந்தப் பேரே இருக்காது.”

“குட். அப்ப லாரி நிக்காது?”

“நிக்கும் சார். ஆனா அது ராகு காலம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. ப்ரேமன் கிளை விதிப்புத்தகத்துல அப்படியே இருக்கு. ஜெர்மன் முறை சார்.”

சாரின் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஜெர்மன் முறையா? முன்னாடியே சொல்லக் கூடாதா? அவங்க காரணம் இல்லாம ஒண்ணும் செய்ய மாட்டாங்க ரேணுகா. நாளுக்கொரு நேரம் வெச்சிருக்கறதுல ஏதோ பெரிய ஆராய்ச்சி இருக்கும்.”

“இருக்கும் சார்.”

“நம்ம அரசூர்லயும் இதைக் கண்டிப்பாக் கடைப்பிடிக்கச் சொல்லுங்க.”

“அறிவுக்கொடி அம்மா பதினாறு வருஷமாக் கடைப்பிடிச்சுட்டுத்தான் இருக்காங்க சார். பேர்தான் அவங்களுக்குத் தெரியல.”

“பரவாயில்லையே” என்றார். “சரி, அந்தக் கடிதம் இப்போதைக்கு இருக்கட்டும். நூறு சதவீதம் ஆகட்டும், பார்த்துக்கலாம்.”

ஒரே வாரத்தில் அரசூர் குடோன் வாசலில் ‘ஜெர்மன் முறை நடைபெறுகிறது, தொந்தரவு செய்யாதீர்’ என்று பித்தளையில் பலகை வந்துவிட்டது. அக்கா அதற்கு முன்னால் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘ராகு பாஸ்போர்ட் எடுத்துட்டுத் திரும்பி வந்துட்டாருங்க.’

ஆனால் நூறு சதவீதம் என்ற கத்தி மட்டும் அப்படியே தொங்கியது. ஒவ்வொரு மாதமும் சார் கேட்பார், ஒவ்வொரு மாதமும் நான் பயந்துகொண்டே பார்ப்பேன். அரசூர் தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் நின்றது. அடுத்த மாதமும் தொண்ணூற்று நான்கு. ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை, “எங்கதான் இடிக்குதுன்னு முழுப் பட்டியலையும் பார்த்துச் சொல்லுங்க” என்று சார் கொஞ்சம் சூடாகவே சொன்னார். அதுவரை நான் அரசூர் வரியை மட்டும்தான் பார்த்துவந்தேன். அன்று எல்லா ஊரையும் ஒன்றாகத் திறந்தேன்.

எல்லா ஊரும் தொண்ணூற்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் இருந்தது. நகுரு: மழைக்காலப் பாதைகளைக் கற்க வேண்டும், மழை இன்னும் வரவில்லை. ஒசாகா: யாருக்கு எவ்வளவு குனிந்து வணங்குவது என்பது பிடிபடவில்லை. அலெக்சாந்திரியா: பொறுப்பாளர் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். ப்ரேமன்: விதிப்புத்தகத்தில் இன்னும் நானூறு பக்கம் இருக்கிறது. அரசூர்: அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத் தோன்றவில்லை.

சிரித்துக்கொண்டே கடைசிவரை வந்தேன். எட்டு ஊரும் முடிந்த பிறகு கீழே இன்னொரு வரி இருந்தது.

ரேணுகாதேவி, கோயம்புத்தூர். மென்பொருள் நடும் பொறுப்பு. தொண்ணூற்று நான்கு சதவீதம்.

நான்கைந்து தடவை படித்தேன். உதவிக்கு என்று என் காதில் மாட்டியது. ஒன்பது கடிதம். சாருக்கு நன்றாகவே எண்ணத் தெரிந்திருக்கிறது.

எனக்கு நேராக இருந்த காரணத்தைப் பிறகுதான் பார்த்தேன். நாள் சரியில்லை என்று போட்டிருந்தது.

“எனக்கு எப்ப முடியும்?” என்று கேட்டேன். குரல் நடுங்கியதைப் பதியம் கவனித்திருக்கும். எதைத்தான் அது கவனிக்காமல் விட்டது?

“அதத்தானுங்க அம்மிணி நானும் பாத்துட்டே இருக்கறேன். இன்னைக்கு வேண்டாமுங்க. அடுத்த மாசம் பாக்கலாமுங்க.”

“அடுத்த மாசம் நாள் நல்லா இருக்குமா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க.”

சுவரில் காலண்டரைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கணினியை மூடிவிட்டுக் கீழே இறங்கி, முனையில் இருந்த பேக்கரியில் பத்து தேங்காய் பன் வாங்கிக்கொண்டு அரசூருக்கு வண்டியை எடுத்தேன். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் வேலை நாளில் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

பாதி வழியில் சார் கூப்பிட்டார். “ரேணுகா, அந்தப் பட்டியல் என்னாச்சு?”

“ஜெர்மன் முறை சார். ஒன்றரை மணிக்குக் கூப்பிடறேன்.”

“ஓ, சரி சரி” என்று உடனே வைத்துவிட்டார்.